கேட்டதும் தந்துவிட்ட கிடங்கு

பேசிக்கொண்டேதான் தட்டச்சு செய்வாள் சுல்ஃபத். "வா மோளே, வந்து நம்பரைச் சொல்லு" என்று அவள் கொஞ்சுவது குழந்தையை அல்ல. யாரோ எழுதிய நிரலை. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடி அவள் வீடு. மீட்டிங்கில் தும்மல் வந்தால் மைக்கை அணைத்துவிட்டுத்தான் தும்முவாள். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம்.

காக்கநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதுகிறாள். நிபந்தனை நிறைவேறியதும் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் தானே நடந்துவிடும் ஒப்பந்த நிரல் அது. அடுத்தவர் கான்ட்ராக்டிடம் வேலை வாங்க, அதையும் தன்னுடையதோடு சேர்த்து எழுத வேண்டாமா என்று அவள் சிநேகிதி நான் ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? அவனோட அட்ரஸும், என்ன சொல்லி விளிச்சா என்ன செய்வான்னும் தெரிஞ்சா மதி, அது போதும். தூர நின்னே விளிக்கலாம். இஷ்டமில்லன்னா அவனே மாட்டேன்னுடுவான்."

மாட்டேன் என்கிறதா என்பதையும் சோதித்துப் பார்ப்பாள். போன மாதம் ஒரு மத்தியானம், நான் பக்கத்தில் இருக்கும்போதே, மிளகுக் கிடங்கு ஒன்றின் கான்ட்ராக்டிடம் 'உரிமையாளரை மாற்று' என்று தன் நிரல் வழியாகக் கேட்டாள். சோதனைத் தளத்தில் இருப்பதாக நினைத்திருந்தாள். இருந்தது நிஜத் தளம். கிடங்கு மறுக்கவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் அவளுடைய கான்ட்ராக்டின் முகவரி வந்து நின்றது. இடுக்கி விவசாயிகள் அங்கே வைத்திருந்த மிளகு முழுவதையும் யாருக்கு விடுவிப்பது என்பது இப்போது அவள் கையில்.

"தந்துட்டான்," என்றாள், வெகு மெதுவாக. "யாரு விளிச்சாலும் தருவான்."

மேலதிகாரி சங்கர்ராமுக்குப் போன் செய்தாள். சத்தமில்லாமல் திருப்பிக் கொடு, யாரிடமும் மூச்சு விடாதே, திருட்டு கேஸாகிவிடும் என்றார். திருப்பிக் கொடுத்தாள். ஆனால் உடனே கிடங்குக்காரர்களையே கூப்பிட்டு, தன் பெயரைச் சொல்லி, செய்ததையும் சொன்னாள். எல்லாப் பரிமாற்றத்தையும் நிறுத்திவைக்கிறோம், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார்கள்.

அதற்குள் வேறு யாரும் உரிமையைக் கேட்டுவிடக் கூடாதே என்று திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அந்தியில் மக்ரிப் பாங்கு முடிந்தபின் போன் அடித்தது. நான்தான் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். நிறுத்தியாகிவிட்டது, ஒரு மூட்டைகூட நகரவில்லை என்றார்கள்.

கணவன் ரஃபி பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்து நீட்டினான். தொடாதீர்கள் என்றதிலிருந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள் சுல்ஃபத். எடுக்கவில்லை. குனிந்து, அவன் பிடித்திருந்த கிளாஸிலேயே ஒரு வாய் உறிஞ்சினாள்.