ரெண்டே சொட்டு தைலம்

எங்கள் வீட்டில் நீலகிரித் தைலத்துக்குத் தெரியாத வேலை கிடையாது. சளி பிடித்தால் வெந்நீரில் விட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிப்பது, மழைக்காலத்தில் தரை துடைக்கிற வாளியில் நாலு சொட்டு விடுவது, புதுத் தட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் பசையைத் தேய்த்து எடுப்பது, பஸ்ஸில் எனக்கு வாந்தி வராமலிருக்கக் கைக்குட்டையில் தடவித் தருவது என்று அம்மா அதை வைத்தே குடும்பம் நடத்தினாள். அப்பேர்ப்பட்ட தைலத்தால் ஒரு மனுஷனுடைய வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நம்பி, இருபது வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவள் நான்.

அந்த மனுஷன் என் மாமா, அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் தறி ரிப்பேர் பார்த்தார். அந்த இரைச்சலுக்குள் போய்விட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். தாத்தாவோ பட்டாளத்தில் இருந்து வந்தவர். மகனையும் பட்டாளத்துக்கு அனுப்பாவிட்டால் தான் மீசை வைத்திருப்பதே தப்பு என்கிற கட்சி. "எனக்குத் தறி வேலையே போதும்ப்பா" என்று மாமா ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தாத்தா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடிகிறபோதே மாமா ஓடிப் பழகக் கிளம்பிவிட்டார்.

ஆள் எடுப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில். வயசுக் கணக்குப்படி மாமாவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அன்றைக்கென்று பார்த்து லேசாக மூக்கடைப்பு வேறு. கிளம்புகிற அவசரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டு, "மாமா கர்ச்சீப்புல தைலம் விட்டுக் குடு. ஓடுறப்ப மோந்துக்கிடட்டும். ரெண்டே சொட்டு, என்ன" என்றாள். எனக்கு ஒன்பது வயசு. மாமா மேல் எனக்கிருந்த பாசத்துக்கு ரெண்டு சொட்டு எந்த மூலைக்கு? கைக்குட்டை நனைகிற வரை ஊற்றினேன்.

மாமா கையில் வாங்கியதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏட்டி, எம்புட்டு ஊத்துன?"

"ரெண்டு சொட்டுதான் மாமா."

"பொய் சொல்லாத. இது கண்ணுல பட்டா அம்புட்டுத்தான்" என்று சிரித்தபடி அதை நாலாக மடித்து டவுசர் பைக்குள் வைத்தார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ரெண்டு மூன்று தடவை எங்களைத் திரும்பிப் பார்த்தார். தாத்தாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவர் மூக்கு எப்போதோ வேலையை விட்டிருந்தது.

மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வெளியே தாத்தாவும் நானும் நின்றோம். நாலு சுற்று ஓட வேண்டும். மூன்று சுற்று முடிகிறவரை மாமா முன்னால் போன நாலைந்து பேரில் ஒருத்தர். தாத்தா வேலியைப் பிடித்துக்கொண்டு, "விட்றாதலே, விட்றாதலே" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றில் மாமா பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். ஓடிக்கொண்டே ஒரு கண்ணைத் துடைத்தார். பிறகு இன்னொரு கண்ணையும் துடைத்தார். பத்தடி போயிருக்க மாட்டார், ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. தாத்தா வேலியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. யாரோ மாமாவைத் தூக்கிக்கொண்டு போய் முகத்தில் தண்ணீர் அடித்தார்கள்.

வெளியே வந்தபோது கண் ரெண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. "கர்ச்சீப்புல தைலம் இருந்தது மறந்துபோச்சுப்பா. வேர்வைனு தொடச்சிட்டேன்" என்றார். தாத்தா அப்போதுதான் வேலியிலிருந்து கையை எடுத்து, "சரி, வா" என்றார். அவ்வளவுதான். சாகிற வரை, "எம் மகனுக்குக் குடுத்துவைக்கல" என்றுதான் எல்லாரிடமும் சொன்னார்.

திரும்பி வருகிறபோது மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக் காதோரமாகச் சொன்னார். "நீ நெறைய ஊத்துனத யார்ட்டயும் சொல்லாத." நான் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது மாமாவுக்குச் சொந்தமாக எட்டுத் தறி ஓடுகிறது. அப்படியும் அவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் தைலக் குப்பியை எடுத்து ஒளித்துவைத்துவிடுவேன்.

போன மாதம் என் மகளுக்குச் சளி. அதே மாதிரி கைக்குட்டையில் தைலத்தை விட்டேன். கை தவறிக் கொஞ்சம் அதிகமாகக் கொட்டிவிட்டது. முகத்தருகே கொண்டுபோகக்கூட இல்லை, முழ நீளத்துக்கு அப்பாலேயே கண் எரிந்து தண்ணீர் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். இதை மறந்துபோய் யாராவது கண்ணுக்குக் கொண்டுபோக முடியுமா? அதுவும் ஒன்றல்ல, ரெண்டு கண்ணுக்கும்? ரெண்டு சொட்டு என்றால் மறந்துபோச்சு என்பதைத் தாத்தா நம்புவார். ஒரு கைக்குட்டை முழுக்க என்றால் நம்புவாரா? அடப்பாவி மாமா.

அன்றைக்கு பஸ்ஸில் அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையம் வருகிற வரை அழுதேன். காப்பாற்றிக்கொண்டிருந்தது நான்தான் என்று ஒன்பது வயசுக்கு எப்படித் தெரியும்.