பேக்கனுக்குக் கடலை மிட்டாய்ப் பாகு

மிட்டாய்க்கடைக்காரர் மகளுக்குப் பன்றிக்கறியில் என்ன வேலை என்று என் அண்ணன் இன்றைக்கும் கேலி செய்வான். வேலை இருந்தது. அந்த ஒரு தட்டுக் கறியால்தான் குன்னூர் மலையில் என் குடித்தனம் நிலைத்தது.

தேயிலை விலை அடிமட்டத்துக்குப் போயிருந்த காலம் அது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பல தோட்டங்களில் செடியை அப்படியே வளரவிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஆபீஸ் கிளார்க்காக இருந்த எஸ்டேட்டில் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. மேனேஜரும் போய், அவர் சமையல்காரரும் போய், பங்களா காலியாகக் கிடந்தது. அதைச் சுற்றுலா வருபவர்களுக்கு விட்டுப் பார்க்கலாம் என்று முதலாளிக்கு ஒரு யோசனை. என் வீட்டுக்காரரைப் பொறுப்பில் போட்டார். சமையல் என் தலையில் விழுந்தது.

"முதல்ல என் சிநேகிதர் ஒருத்தர் வர்றார். அவர் நல்லா இருக்குன்னு சொன்னா தொடர்ந்து நடத்தலாம். இல்லேன்னா பங்களாவைப் பூட்டிட்டு நீயும் ஊரைப் பார்த்துப் போயிடுப்பா" என்று முதலாளி அவரிடம் போனில் சொல்லிவிட்டார்.

ஊர் என்றால் திருப்பூர். மாமியார், மூன்று ஓரகத்திகள், ஒரே சமையலறை. இங்கே எஸ்டேட் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவர் மட்டும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, குளிர் வேறு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கீழே போகச் சொன்னால் செத்தே போய்விடுவேன் என்று நினைத்தேன். வீட்டுக்காரரோ, "எங்க இருந்தா என்ன புள்ள, போனாப் போவுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் எனக்குக் கோபமான கோபம்.

பெங்களூரிலிருந்து வந்தவர் ஒரு டாக்டர். கூட அவர் மனைவி. முதல் நாள் என் சப்பாத்தியையும் குருமாவையும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு அந்த அம்மா ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"நாளைக்கு டிபன் வேண்டாம்மா. பதினோரு மணிக்கு பிரன்ச் பண்ணிடு."

"அப்படீன்னா என்னங்க மேடம்?"

"காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரே வேளையா சாப்பிடறது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடுகளில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

பாக்கெட்டில் இருந்தது பேக்கன். பன்றிக்கறியை உப்பில் ஊறவைத்து, புகை காட்டி, மெல்லிசாகச் சீவியது. அதை ஓவனில் வைத்து, மேலே சர்க்கரைப் பாகு பூசி, பளபளவென்று மொறுமொறுப்பாக எடுக்க வேண்டுமாம். "அதெல்லாம் பார்த்துக்கறனுங்க" என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

"முட்டைய உடைக்கறதுக்கே மூஞ்சியத் திருப்பிக்குவ. பன்னிக்கறி செய்யறன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கற" என்றார் வீட்டுக்காரர்.

"சர்க்கரைன்னு வந்துட்டா அது எங்கப்பன் வேலைங்க. உள்ள என்ன இருந்தா நமக்கென்ன?"

பங்களாச் சமையலறையில் வெள்ளைக்காரர் காலத்து இரும்பு அடுப்பு ஒன்று உண்டு. மேலே பாத்திரம் ஏற்றலாம், பக்கத்தில் கதவு போட்ட ஓவன். காலையில் வீட்டுக்காரர் குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்து விறகு தள்ள, நான் இடுக்கியால் ஒவ்வொரு துண்டாகத் தட்டில் பரப்பி உள்ளே வைத்தேன். கொழுப்பு உருகி ஓடியது. வாசனை வந்தது. அது நல்ல வாசனையாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம். அவர் எச்சில் விழுங்குவதைப் பார்த்துவிட்டேன். கேட்டதற்கு, புகை தொண்டையில் ஏறிவிட்டது என்றார்.

கொழுப்பை வடித்துவிட்டு வெல்லத்தைக் காய்ச்சினேன். பாகு என்று வந்துவிட்டால் என் கை மூளையைக் கேட்பதில்லை. பொள்ளாச்சியில் எங்கள் கடையில் தினமும் காய்ந்தது கடலை மிட்டாய்ப் பாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டது. கை வழக்கத்தில் சுக்கையும் ஏலக்காயையும் தட்டிப் போட்டேன். பூசச் சொன்னதை மறந்து மொத்தத்தையும் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஓவனில் விட்டு வெளியே எடுத்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. பெருமையோடு பப்பாளி நறுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் தட்டும் பாகும் பன்றியும் ஒன்றாகிக் கல்லாகக் கிடந்தது. கத்தி வழுக்கியது. வீட்டுக்காரர் ஒரு துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். தட்டும் கூடவே எழுந்து வந்தது.

"ஆச்சாம்மா?" என்று டைனிங் ஹாலிலிருந்து குரல்.

இன்னொரு பாக்கெட் கிடையாது. திருப்பூர் சமையலறை கண்முன்னே வந்து நின்றது. வந்த வெறியில் தட்டை மேசைமேல் கவிழ்த்து, பூரிக்கட்டையால் ஓங்கி ஒரு போடு போட்டேன். சமையலறை முழுக்கச் சிதறியது. ஒரு துண்டு வீட்டுக்காரர் குல்லாயில் ஒட்டிக்கொண்டது.

"பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்க" என்றார், குல்லாயைத் தடவியபடி.

அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வேலை போகப்போகிறது, குடித்தனம் போகப்போகிறது, நாங்களோ தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறோம். கீழே விழுந்ததை ஒதுக்கிவிட்டு, மேசையில் கிடந்ததை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அள்ளினேன். உப்பு கூடவா குறைவா என்று ருசி பார்க்க எங்கள் இருவருக்குமே நாக்கு இடம் கொடுக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

கடக் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு கடக், கடக் என்று விடாமல்.

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "இது பேக்கன் இல்லேம்மா."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகக் கை நீட்டினேன்.

"எத்தனையோ ஓட்டல்ல சாப்பிட்டிருக்கேன். இப்படி ஒண்ணு எங்கேயும் கிடைச்சதில்லை. ரெண்டு பல்லு ஆடற மனுஷன், நிறுத்த மாட்டேங்கறாரு பாரு." டாக்டர் கன்னம் உப்பியபடி தலையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மா தொடர்ந்தார்: "எங்களோட பெங்களூருக்கு வந்துடறியா? வீட்டோட இருக்கலாம். உன் வீட்டுக்காரருக்கும் நல்ல சம்பளத்துல வேலை பார்த்துத் தர்றோம். இந்த எஸ்டேட் எத்தனை நாள் தாங்கும்னு யாரு கண்டா?"

புத்தியுள்ளவள் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பாள். என் வாய் முந்திக்கொண்டது.

"அது முடியாதுங்க மேடம். இது வேணும்னா நீங்கதானுங்க மலையேறி வரோணும்."

பின்னால் வந்து நின்ற வீட்டுக்காரர், விருந்தாளியிடம் இப்படியா பேசுவது என்பதுபோல் என் காலை மிதித்தார். நம் சோற்றில் நாமே மண் அள்ளிப் போட்டோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கி, எழுந்து போய், முதலாளிக்குப் போன் போட்டார்.

"பங்களாவைப் பூட்டிடாதேப்பா. கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோட வர்றோம். அந்தப் பொண்ணே சமைக்கணும். இல்லப்பா, கூப்பிட்டுப் பார்த்தாச்சு, இறங்கி வர மாட்டேங்குது."

சமையலறைக்குத் திரும்பியதும் எனக்கு ஒரே சந்தோஷம். கூடவே ஒரு உறுத்தல்.

"ஏனுங்க, உங்களை ஒரு வார்த்தை கேக்காம சொல்லிப்போட்டனே. பெங்களூர்ல உங்களுக்கு நல்ல சம்பளம் வந்திருக்குமுங்க."

அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ எங்க சரின்னு சொல்லீருவியோன்னு எனக்கு உசுரே போயிருச்சு புள்ள."