மாவாய்ப் போன பார்லி

துணிப்பையோடு சீசா என்ற இத்தாலிய ஊரிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். படுக்க இடமும் வேலையும் தந்தவர், வீட்டிலேயே பியர் வடிப்பவர். முளைகட்டிய பார்லியை அரைத்துச் சுடுநீரில் ஊறவைக்கச் சொன்னார். நான் இயந்திரத்தை இறுக்கி, புட்டுக்கு இடிப்பதுபோல் மாவாக்கிவிட்டேன். எல்லாம் கூழாகி, பானையின் குழாய் அடைத்துக்கொண்டது. துரத்துமுன் கிளம்பிவிடுவது என் வழக்கம்.

பக்கத்தில் ஸ்கூட்டர் ஒன்று நின்றது. அவர்தான்.

"பியர் கேட்டா, களி கிண்டிப்போட்டு ஓடுறியோ?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார். "உமி முழுசா இருந்தாத்தான் வடியும். நான் அதைச் சொல்லேல்லை."

"நீங்கள் வந்தா ஏச்சு விழும் எண்டு நினைச்சன்."

"விழும். ஏறு."

விட்டுவந்த இடத்துக்கு நான் திரும்பியது அதுவே முதல் தடவை. படுத்தபிறகும் கால்கள் அமைதியாயில்லை. மறுநாள் காலை, அதே இயந்திரத்தைச் சற்றுத் தளர்த்தி, உமி சிதையாமல் பார்லி உடைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன்.