மறந்துவிடும் பெட்டி

பாக்தாத்தின் மருத்துவமனை ரத்த வங்கி ஒன்றில் கவ்லா பதினெட்டு வருடம் வேலை பார்த்தாள். கிடைப்பதற்கு அரிய ஓ நெகட்டிவ் ரத்தக்காரர்களை ஊரெல்லாம் தேடிப் பிடித்து வைத்திருப்பது அவள் பொறுப்பு. நூற்றைம்பத்து நான்கு பேரின் பெயர், தெரு, தொலைபேசி எண் எல்லாம் ஒரு பழைய கைக்கணினிக்குள் இருந்தன. ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன பேட்டரி இரண்டில் ஓடும் பெட்டி அது. பேட்டரியைக் கழற்றினால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் வேறு போடாவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும்.

இரண்டாயிரத்து ஆறில் அவள் தம்பி ஸர்மத் பக்கத்து நாட்டு அம்மான் நகரிலிருந்து புதுசு ஒன்று வாங்கி வந்தான். ரத்த வங்கி வண்டியை ஓட்டுபவன், வாய் ஓயாதவன்.

“அக்கா, உன்னோடதைத் தூக்கிக் குப்பையில போடு. இதுக்குள்ள ஹார்ட் டிஸ்கே இருக்கு. நாலு ஜிபி! பேட்டரி செத்தாலும் ஒரு எழுத்து அழியாது.”

“நாலு ஜிபியில என்னடா பண்ணப் போற? உன் கல்யாணத்துக்கு ஆள் கூப்பிடப் போறியா?”

“பொண்ணு யாரு குடுக்கறா? உன்னுது கொஞ்சம் அசந்தா எல்லாத்தையும் மறந்துடுது. உன்னை மாதிரியே.”

அவள் செருப்பைத் தூக்கிக் காட்டினாள். ஆனால் பெட்டிக்குப் பெட்டி வைத்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. வண்டிக்கு உதவுமே என்று அவன் அடிக்கடி போகும் தெருக்களில் இருந்த பதினோரு பேரின் விவரத்தை மட்டும் அவன் பெட்டியிலும் ஏற்றிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் பாலத்தருகே துப்பாக்கிக்காரர்கள் வண்டியை மறித்தார்கள். ஊரை இரண்டாக்கிய மதப்பிரிவுச் சண்டையில் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும் இதே ஈனத்தனத்தைத்தான் செய்தது. ஸர்மத் பெட்டியைத் தார்ச்சாலையில் ஓங்கி அடித்தானாம். திரை நொறுங்கியது, உள்ளிருந்த ஹார்ட் டிஸ்க் நொறுங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் உடல் குப்பைமேட்டில் கிடைத்தது. கைகள் கம்பியால் கட்டப்பட்டிருந்தன, முழங்கால்களில் துளைபோட்டிருந்தார்கள். அந்த வாரமே அதில் இருந்த பதினோரு பேரையும் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். எதிரிக்கு ரத்தம் கொடுத்தவர்களாம்.

மேலிடத்தில் அவளுக்கும் அதே மாதிரி புதுசு ஒன்று தர முன்வந்தார்கள். “எனக்கு மறக்கற பெட்டியே போதும்” என்றாள்.

செப்டம்பரில் ஒருநாள் காலை பத்து மணிக்கு நாலு பேர் காவலாளியைச் சுட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டதுமே கவ்லா பெட்டியைக் கையில் எடுத்தாள். அவர்கள் அறைக்கதவை உதைத்துத் திறக்கும்போது பேட்டரி இரண்டையும் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் பன்னிரண்டைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டாள்.

“சித்தி, ரத்தம் குடுத்தவங்க பட்டியலைக் குடுத்துடு. உன்னோட எங்களுக்குச் சண்டை இல்ல” என்றான் அவர்களில் ஒரு தாடிக்காரன்.

“முதல்ல பூட்ஸைக் கழட்டு. இது சுத்தமா இருக்க வேண்டிய இடம்.”

துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தான். இரண்டு பல் தெறித்தது. பெட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு குப்புற விழுந்தாள். ஒருவன் முதுகில் ஏறி நின்றான், இன்னொருவன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்தான். மூன்றாவது விரலில் பெட்டி கைமாறியது. அப்போது முள் முப்பத்தைந்தாவது வினாடியில் இருந்தது.

“பேட்டரி எங்கடி?”

தாடிக்காரன் கடிகாரத்தை ஆணியோடு பிடுங்கி அதன் பேட்டரியைப் போட்டுப் பார்த்தான். அது தடிமன், பொருந்தவில்லை. கடிகாரம் நின்றுவிட்டது. இனி எண்ணுவது அவள் பாடு. முப்பத்தொன்பது, நாற்பது என்று மனதுக்குள் எண்ணினாள். விலாவில் உதை விழுந்தபோதெல்லாம் எண்ணிக்கை தவறியது, மறுபடி பிடித்துக்கொண்டாள். ஐம்பதை நெருங்கும்போது ஒருவன் பக்கத்து அறையிலிருந்து டிவி ரிமோட்டோடு ஓடி வந்தான். கவ்லா அவன் கணுக்காலைக் கடித்தாள்.

“விடுடி நாயே!”

அவள் விடவில்லை. தலையில் எத்தனை அடி விழுந்ததென்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. ஒருவழியாக ரிமோட்டின் பேட்டரியைப் போட்டபோது பெட்டி இன்று என்ன தேதி என்று கேட்டது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை. தெருவில் போலீஸ் வண்டி ஊதவே, தாடிக்காரன் பெட்டியை அவள் முகத்தில் வீசிவிட்டு ஓடினான்.

மதியம் சந்தையில் குண்டு வெடித்தது. ஹனீன் என்ற ஒன்பது வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தார்கள், ஓ நெகட்டிவ். மூன்று பை வேண்டும் என்றார் டாக்டர் லபீப், வங்கியில் அந்த வகை ஒரு பைகூட இருப்பில்லை. கவ்லாவின் ரத்தமும் அதே வகைதான். எல்லாரும் தடுத்தும் ஒடியாத இடது கையை நீட்டி ஒரு பை கொடுத்தாள். அது போதவில்லை. சிறுமி மூன்று மணிக்கு இறந்தாள்.

“இத்தனை பேரை வச்சிருந்தியே! ஒருத்தர் நம்பர்கூடவா ஞாபகம் இல்ல?” என்று கத்தினார் டாக்டர்.

“பெட்டிதான் ஞாபகம் வச்சிருந்துச்சு, டாக்டர்.”

“அந்த நூத்தி நாப்பத்திமூணு பேரும் இப்ப எங்க?”

“அவங்கவங்க வீட்டுல. உயிரோட.”

அவர் கதவை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனார். கவ்லா வாய்விட்டு அழுதாள், ஹனீனுக்காகவும் ஸர்மத்துக்காகவும். அழுது முடித்தபின் பெட்டியை எடுத்து, தேதியைச் சரிசெய்து, முதல் பெயராகத் தன் பெயரை இடது கையால் எழுதினாள்.