பெயர் மேல் ஏறிய ஊசி

உங்கள் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகியிருக்கும் உங்கள் பெயர் மேல் ஒருத்தி ஊசியை ஏற்றித் தைத்தால் உங்களுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்கிறீர்கள். நல்லது. அந்தத் தாளை உங்கள் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டுத் தூங்குவீர்களா? இப்போது கொஞ்சம் யோசிக்கிறீர்கள், இல்லையா? அந்தக் கொஞ்சம் யோசனைதான் சென்னைக்கு வெளியே நூம்பலில் ஒரு பெண்ணை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்த்தது.

அவள் பெயர் ஹில்டா. ஆவடியில் ராணுவக் கூடாரம் தைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். கணவர் பிரகாசம் இறந்து, குவாட்டர்ஸையும் காலி செய்த பிறகு நூம்பலில் கெங்கம்மாள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனுக்குக் குடி வந்தாள். கூடவே வந்தது ஒரு பழைய தையல் மெஷின். அதில் அவள் தைப்பது துணி இல்லை, காகிதம்.

காட்டுப்பாக்கத்துப் பழைய பேப்பர் கடையில் மூட்டைகளைக் கிளறி, பழுப்பேறிய தாள்களாகப் பொறுக்கி வருவாள். யாரோ படித்த பூகோளப் புத்தகத்தின் பக்கம், கிழிந்த பாட்டுப் புத்தகம், அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகை. எல்லாவற்றையும் பட்டைகளாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் சிவப்பு நூலில் தைத்து, கம்பிக் கூட்டில் மாட்டினால் விளக்குக்கு மூடி தயார். உள்ளே பல்பு எரிந்தால் பழைய எழுத்தெல்லாம் தேன் நிறத்தில் தெரியும். சிட்டியில் இரண்டு கடைகள் அவற்றை வாங்கிக்கொள்கின்றன.

துணியில் தையல் கோணினால் பிரித்துவிடலாம். காகிதத்தில் அது நடக்காது. நூலை உருவினாலும் ஓட்டை நிற்கும். தையலை நெருக்கிப் போட்டாலோ தபால் தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். அதனால் அகலத் தையல், நிதானமான மிதி.

மாடியில் கெங்கம்மாளும் மகன் உத்தமனும் மருமகள் கார்த்திகாவும் இருந்தார்கள். கார்த்திகா மதியத்தில் கீழே வந்து மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஆன்ட்டி, எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்க. பழசுங்களோட இதையும் நடுவுல சேர்த்துடுங்க."

"இது இன்னும் பழசாவலயேம்மா."

"மாமியார் ஊட்ல ரெண்டு வருசம் இருந்துட்டேன். அது போதும் ஆன்ட்டி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹில்டா தைத்துக் கொடுத்தாள். அலங்காரத் தையல் ஒன்று, சரியாக உத்தமன், கார்த்திகா என்ற இரண்டு பெயர்களின் மேல் ஓடிவிட்டது. பிரிக்க முடியாது. "பரவால்ல, அழகாத்தான் கீது" என்று கார்த்திகா எடுத்துப் போய்ப் படுக்கையறையில் மாட்டினாள்.

அடுத்த மாதம் அவள் வயிற்றில் இருந்த கரு கலைந்தது. இப்படி நடப்பது உண்டு, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். ஆனால் நம் குடும்பங்களுக்கு அந்தப் பதில் போதாது. மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே மந்திரவாதியின் முகவரி விசாரிக்கிறவர்கள் நாம். யாராவது ஒருத்தி சிக்க வேண்டும்.

உத்தமன்தான் முதலில் விளக்கை அண்ணாந்து பார்த்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மயிரிழையில் பாதியை அளக்கும் இயந்திரத்தோடு வேலை பார்ப்பவன்.

"எம்மா, இங்க வா. எங்க பேரு மேல ஊசி குத்திக் கீது பாரு."

கெங்கம்மாள் பார்த்தாள். சிவப்பு நூல், பெயர் மேல் ஓட்டை, தாளின் மூலையில் மஞ்சள். மூன்றும் சேர்ந்ததும் செய்வினை என்று முடிவாகிவிட்டது. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அந்த மூலையில் இருந்தது கெங்கம்மாளின் விரல் தடம்தான். தன் விரல் தடத்துக்கே பயந்தாள்.

விளக்கைக் கழற்றி, முறத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பின்னால் உத்தமன். அவனுக்கும் பின்னால், படியின் பாதியில், கார்த்திகா.

"எங்க ஊட்டுப் பத்திரிக உன் கைக்கு எப்டிம்மா வந்துச்சி?"

ஹில்டா வாயைத் திறந்தாள். கார்த்திகாவைப் பார்த்தாள். உங்கள் மருமகள்தான் கொடுத்தாள் என்று சொன்னால் தன் வீடு தப்பும். பிறகு பழி படியேறி யார் தலையில் உட்காரும் என்பதும் தெரியும். அந்தப் பெண் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"வந்துச்சி, அக்கா. தச்சேன்."

"பாத்தியாடா? தச்சேன்னு அவளே சொல்றா! மாசக் கடைசில காலி பண்ணிடு. என் வம்சத்தக் கருவறுக்கவா உனக்கு ஊடு குடுத்தேன்?"

தெரு கூடியது. ஹில்டாவின் வாசலைப் பெருக்கிக் கொடுத்தவள்கூட அந்தப் பக்கம் ஒதுங்கி நடந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

ஹில்டா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தாள். ஹில்டா, பிரகாசம். மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டாள்.

"பேரு மேல ஊசி ஏறுனா ஆளு போவும்னு சொல்றீங்க. இவரு போயிட்டாரு, உட்டுடுங்க. நான் உசுரோட கீறேன். பாருங்க."

தன் பெயர் மேல் தைத்தாள். போதாதென்று, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பிராங்க்கின் ஞானஸ்நானச் சீட்டை எடுத்து அவன் பெயர் மேலும் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இரண்டையும் வாசல் பல்பில் கட்டித் தொங்கவிட்டாள்.

கூட்டம் திருந்தும் என்று நினைக்கிறீர்களா? "வச்ச செய்வினைய எடுக்குறா போல" என்றது ஒரு குரல். "பெத்த புள்ள பேருலயே குத்துறான்னா எவ்ளோ தைரியம் பாரு" என்றது இன்னொன்று. சந்தேகத்துக்குத் தீனி போட நிரூபணமே போதும்.

அப்போதுதான் கார்த்திகா மீதிப் படிகளையும் இறங்கி வந்தாள்.

"நான்தான் அத்தே குடுத்தேன். தச்சுத் தாங்கன்னு கேட்டதும் நான்தான்."

"உன்ன மயக்கி வச்சிக் கீறா. மேல ஏறு."

"மயக்கல. டாக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சி, இவருக்கும் கேட்டுச்சி. ஆன்ட்டி காலி பண்ணா நானும் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

உத்தமன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கெங்கம்மாள் முறத்தோடு மேலே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாசக் கடைசி இன்னும் வரவில்லை. காலி பண்ணச் சொன்ன பேச்சு திரும்பப் பெறப்படவும் இல்லை. கெங்கம்மாள் தெருவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெரு ஒதுங்கினால் ஹில்டா போக வேண்டும், அவளோடு கார்த்திகாவும். தெரு அவளுக்காகப் பேசினால் இருவரும் இருப்பார்கள்.

தெரு என்பது நீங்களும்தான். உங்கள் பரணில் உங்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்று கட்டாயம் கிடக்கும். இன்றைக்கே எடுங்கள். உங்கள் பெயர் மேலேயே ஊசியை ஏற்றி, நாலு பேர் பார்க்கும்படி வாசலில் மாட்டுங்கள். என்ன இது என்று யாராவது கேட்டால், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஹில்டாவின் கதையைச் சொல்லுங்கள்.