எலுமிச்சை ஸ்கோன் வேகும்போது அக்கா கூப்பிடுவார்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அக்காவோடு வேலை செய்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா போய் ஓராண்டு ஆகிறது. "நீங்கதான் எழுதணும் மாமா" என்று அக்காவின் மகள் தாளையும் பேனாவையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். மாவைத் தவிர வேறெதையும் ஒழுங்காகக் கையாளத் தெரியாத பரோட்டாக் கடைக்காரன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனதில் ஒரு குறை கிடக்கிறது. நாலு வருடம் அக்கா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் போகவில்லை. அதை உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடத்தான் எழுத ஒத்துக்கொண்டேன்.

அக்கா பிறந்தது பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தின் மூன்றாவது வீட்டில். தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறி வந்தவர். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்தார். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அன்றோடு அக்காவின் பள்ளிக்கூடம் முடிந்தது. பதினெட்டு நிறைந்ததும் அம்மா நின்ற மலையிலேயே கொழுந்து எடுக்கப் போனார். கூடையை இறக்கிவைத்த கையோடு எனக்குச் சோறு வடிப்பார். ஆறிய சோற்றை ஒரு நாளும் என் தட்டில் போட்டதில்லை. எதையும் சூடாகத் தின்ன வேண்டும் என்பது அக்காவின் கட்சி. என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். அதற்கு மேல் எனக்கு ஏறாமல் போனதற்கு அக்கா பொறுப்பல்ல.

அத்தான் ஜீப் ஓட்டினார். மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அக்கா முப்பது நாள் அழுதார், முப்பத்தோராம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். மகளை நர்சிங் படிக்க வைத்து கொச்சிக்கு வேலைக்கு அனுப்பும் வரை அந்தக் கூடையை அவர் இறக்கவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் காரம். அக்காவிடம் திட்டு வாங்காதவர்கள் இந்த மலரை வாசிப்பவர்களில் யாரும் இருக்க முடியாது.

முழங்கால் தேய்ந்து மலையேற முடியாமல் போனபின், பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையலுக்குச் சேர்ந்தார். நடத்துபவர் ஓய்வுபெற்ற டீச்சர். தங்க வருகிறவர்கள் மாலை டீயோடு ஏதாவது கேட்கிறார்கள், வடையும் பஜ்ஜியும் அலுத்துப் போனது என்று டீச்சர் சொல்ல, லீவுக்கு வந்த மகளின் போனில் அக்கா வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எலுமிச்சை ஸ்கோன். பன்னுக்குத் தம்பி, பிஸ்கட்டுக்கு அண்ணன் என்று நான் கேலி செய்தேன். மகள் கொச்சியிலிருந்து ஒரு சின்ன ஓவன் வாங்கி வந்ததும் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டார்.

அதில் பெரிய வேலை ஒன்றுமில்லை. மைதாவில் பேக்கிங் பவுடர், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. எலுமிச்சைத் தோலின் மஞ்சளை மட்டும் துருவிப் போட வேண்டும், வெள்ளை கலந்தால் கசக்கும். குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்தால் மாவு புட்டுக்கு விரவியது போல ஆகிவிடும். எங்கள் ஊர்க் குளிரில் அதற்கு ஃபிரிட்ஜ்கூட வேண்டாம். பிறகு பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிவார். முதல் தடவை அதைப் பார்த்த என் மனைவி பதறிப்போய், "பால் திரிஞ்சு போச்சு மதினி" என்றாள். "திரியட்டும், அப்பத்தான் பூப்போல உப்பும்" என்றார் அக்கா. அந்தப் பாலை ஊற்றி, தொட்டும் தொடாமல் சேர்த்து, எவர்சில்வர் டம்ளரால் வட்டமாக வெட்டி ஓவனில் வைப்பார். கால் மணி நேரம்தான்.

வைத்த உடனே எனக்குப் போன் வரும்.

"ஏலே, ஓவன்ல வச்சுட்டேன். பதினஞ்சு நிமிசம். வாரியா?"

"கூட்டமா இருக்குக்கா. கடைய எடுத்து வச்சுட்டு வாரேன்."

"அதுக்குள்ள ஆறிப் போயிரும்ல."

"ஆறுனாலும் நீ செஞ்சதுதானக்கா."

கடையிலிருந்து அக்கா வீட்டுக்கு ஏறிப் போனால் எட்டு நிமிடம். சில நாள் உண்மையிலேயே கூட்டம் இருக்கும். பல நாள் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். கல்லில் பரோட்டா கிடக்கும்போது எப்படி நகர்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கடை அடைத்துப் போகும்போது ஈரத்துணி மூடிய பாத்திரத்தில் நாலு ஸ்கோன் இருக்கும். அக்கா தூங்கியிருப்பார். எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் தின்போம். கொஞ்சம் இறுகியிருக்கும். நல்ல பலகாரம்தான், இதற்கு ஏன் இத்தனை போன் என்று நினைத்திருக்கிறேன்.

போன வருடம் அக்காவுக்கு நுரையீரலில் நோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து பத்து நாள் ஆகியிருக்கும். கஞ்சி வேண்டாம், ஸ்கோன் வேண்டும் என்றார். மகள் கொச்சியில் டியூட்டியில் இருந்தாள். நான் கடையை உதவிக்கு நிற்கும் பையனிடம் விட்டுவிட்டு வந்து மாவில் கை வைத்தேன். முப்பது வருடம் பரோட்டாவுக்கு மாவை அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? நன்றாகப் பிசைந்து உருட்டிவிட்டேன். வெந்து வந்ததைத் தட்டில் போட்டால் டொக் என்று சத்தம் கேட்டது.

"இத வச்சுச் சுவரு கட்டலாம்ல" என்றார் அக்கா.

மூச்சு வாங்கச் சிரித்தார். அதையும் டீயில் முக்கிக் கொஞ்சம் தின்றார். மறுநாள் மறுபடி செய்தேன், மறுபடியும் கல். மூன்றாம் நாள் கட்டிலை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லிப் படுத்துக்கொண்டே பார்த்தார்.

"ஒன் வலது கை அடிக்கிற கை. அத முதுகுக்குப் பின்னால வச்சுக்கோ. இடது கையால செய்யி."

ஐம்பது வயது மனிதன் ஒற்றைக் கையை முதுகில் கட்டிக்கொண்டு மாவில் விரலை அளைந்துகொண்டிருந்தேன். பாதி மாவு தரையில் விழுந்தது. ஆனால் அன்றைக்கு ஸ்கோன் உப்பி, ஓரம் வெடித்து, எலுமிச்சை வாசனையோடு வந்தது. ஆளுக்கு ஒன்றாகப் பிட்டோம். ஆவி வந்தது. உள்ளே அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அக்கா பெரிதாக ஒன்றும் பேசவில்லை. என் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் சின்ன மகன் ஒழுங்காகப் படிக்கிறானா என்று கேட்டார். ராத்திரி தாமதமாகச் சாப்பிடாதே என்றார். இத்தனை நாளும் இதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். எட்டு நிமிடம் ஏறி வர எனக்கு நாலு வருடம் ஆகியிருக்கிறது.

அதற்கு மேல் இரண்டு வாரம்கூட அக்கா இருக்கவில்லை. ஒரு மழைக்காலக் காலைநேரத்தில், மகள் கையைப் பிடித்திருக்க, போய்விட்டார். இப்போதும் மாலையில் கல் சூடாகும் நேரத்துக்குப் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். எத்தனை பேர் காத்து நின்றாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். கூப்பிடத்தான் ஆளில்லை.

திதிப் படையலில் ஸ்கோனும் வைக்கப் போகிறோம். "அதுல முட்டை உண்டாடா?" என்று சித்தப்பா கேட்டார். இல்லை என்றதும், "அப்பச் சரி, அவளுக்குப் பிடிச்சத வைய்யி" என்றுவிட்டார்.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும், கடைசி மாதம் வரை வீட்டுக்கு வந்துபோன டீச்சருக்கும், கொட்டும் மழையில் தோள் கொடுத்த லயத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் மூன்று பேருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மேல் லயத்து மதினி, அங்கன்வாடி ஆயா, கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் அண்ணாச்சி. "தம்பிக்குக் கடையில கூட்டமாம், நீங்க வந்து சூடா ரெண்டு தின்னுட்டுப் போங்க" என்று அக்கா உங்களைக் கூப்பிட்ட கதையைத் துக்க வீட்டில்தான் கேள்விப்பட்டேன். நீங்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்காகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து என் அக்காவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் போகாத நாட்களில் அவர் தனியாக இருக்கவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு இப்போது ஆறுதல். உங்கள் மூவருக்கும் கைகூப்புகிறேன்.

அக்கா, இன்றைக்குக் கடை திறக்கவில்லை. காலையிலிருந்து உன் அடுப்படியில்தான் இருக்கிறேன்.