கிருபாபாய் வளைத்த ஜா

ராஜபாளையத்தில் ஊசிமருந்துக் குப்பி செய்கிற சிறிய கம்பெனி ஒன்று இருந்தது. கிருபாபாய் அங்கே பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, அது இளகும் நேரம் பார்த்து இழுத்து, கழுத்தை ஒடுக்கி எடுக்க வேண்டும். குழாயின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லிவிடுவாள். 1986இல் கம்பெனியை மூடினார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்குப் போனார்கள். அவள் மட்டும் கழித்துப் போட்டிருந்த பர்னர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். கண்ணாடியில் அன்னமும் மானும் ஊதி, திருவிழாக்களில் கடை போட ஆரம்பித்தாள்.

1988ஆம் வருஷத்து ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை போட்டிருந்தபோது, நீளக் கிருதா வைத்த ஒருவர் அவள் கையையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். எதையும் வாங்கவில்லை.

“ஏம்மா, இந்த அன்னத்தை எம்புட்டுப் பெருசா செய்ய முடியும்?”

“உங்களுக்கு எம்புட்டு வேணும் அண்ணாச்சி?”

“அன்னம் வேண்டாம். ஆள் உசரத்துக்கு ஒரு டிரம்பெட் வேணும். பக்கத்துல ஜாஸ்னு ரெண்டு எழுத்து. உள்ளுக்க லைட் எரியணும்.”

அவர் பெயர் வைகுண்டராஜ். செட்டியார்பட்டிக்காரர். கல்யாண வீடுகளில் பேண்டு செட்டோடு டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவர், இருபது வயதில் பம்பாய்க்கு ரயில் ஏறினார். பதினெட்டு வருஷம் அங்கே பெரிய ஹோட்டல்களில் ஜாஸ் இசை வாசித்தார். திரும்பி வந்து, ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் இருந்த தன் அப்பாவின் பஞ்சு குடோன் மாடியைச் சுத்தம் செய்து ஜாஸ் கிளப் என்று பெயர் வைத்தார். பேண்டு செட் பையன்கள் ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களோடு சனி ஞாயிறு சாயங்காலங்களில் வாசித்தார். ஆனால் ஊரில் கிளப் என்றால் சாப்பாட்டுக் கடை. மாடியேறி வந்தவர்களில் பாதிப்பேர் பரோட்டா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

“உள்ள என்ன நடக்குன்னு ரோட்டுல போறவனுக்குத் தெரியணும்மா. மதுரைல நியான் போர்டு போடுற காசிராஜன்ட்ட கேட்டேன். தமிழ்ல ஜா வளைக்கவே முடியாது, இங்கிலீஷ்ல போட்டுக்கிடுங்கங்கார். நம்ம ஊர்ல எத்தனை பேரு இங்கிலீஷ் வாசிப்பாங்க?”

நியான் விளக்கைக் கிருபாபாய் மதுரையில் ஜவுளிக்கடை வாசல்களில் பார்த்ததோடு சரி. அவளுக்கு அதைப் பற்றி வேறொன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு கண்ணாடிக் குழாயை வளைக்க முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“குழாயை வாங்கிட்டு வாங்க. நான் செஞ்சு தாரேன்” என்றாள்.

குழாய்க் கட்டு வந்தது. முதல் குழாயைத் தீயில் காட்டியதுமே கரியாகக் கறுத்தது. குப்பிக் கண்ணாடி வேறு, இந்தக் கண்ணாடி வேறு. காற்றைக் கூட்டினாள், கறுப்பது நின்றது. ஆனால் அவளுடைய பர்னர் தீ ஊசி மாதிரி. ஒரு இடத்தில் உருகினால் அடுத்த இடம் விறைத்து நின்றது. வளைவுகள் நசுங்கின.

அவள் கணவன் தவசிமுத்து மில்லில் ஃபிட்டர். உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏட்டி, ஒனக்கு ஒரு முழத்துக்குத் தீ வேணும். அதான விஷயம்?”

இரும்புக் குழாய் ஒன்றில் வரிசையாக நுணுக்கு ஓட்டைகள் போட்டு, ஒரு பழைய ஊதுகாற்றாடியை இணைத்துக் கொடுத்தான். தீ ரிப்பன் போல நீண்டு எரிந்தது. குழாயின் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் ரப்பர் டியூபை மாட்டி, வளைக்க வளைக்க மெல்ல ஊதினாள். இப்போது வளைவு நசுங்கவில்லை.

அதன் பிறகுதான் எழுத்து. ஜாவின் சுழி தன் மேலேயே ஏறி மடிகிறது. பதினோரு குழாய் உடைந்தது. பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அன்னத்தின் கழுத்தை உடம்புக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருப்புவது அவளுக்குப் பழக்கம். எழுத்து தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எழுத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வரைந்து, சுழி மடிகிற இடத்தில் குழாயை ஒரு விரல்கடை தூக்கிப் பின்பக்கமாகக் கொண்டுபோனாள். ஆறிய பிறகு திருப்பிப் பார்த்தால், முன்னால் முழு ஜா. ஸ் மேலே புள்ளி தனியாக நிற்க வேண்டுமே? அதையும் அதே குழாயில் வளைத்து, இடையில் வரும் துண்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தாள்.

எழுத்தும் டிரம்பெட்டும் முடிந்ததும் குடோனுக்கு எதிர்ப்பக்கம் போய் மூன்று சாயங்காலம் நின்றாள். வெள்ளைச் சுவர், பச்சை ஜன்னல், வாசலுக்கு மேல் ட்யூப்லைட், பாதி அழிந்த உர விளம்பரம்.

“அண்ணாச்சி, இந்தச் சுவத்துல சூரியனையே மாட்டுனாலும் தெரியாது. சுவரு இருட்டா இருக்கணும்.”

“கறுப்பு அடிக்கச் சொல்லுதியா? தொழில் நடக்கிற எடம்மா.”

“கறுப்பு வேண்டாம். பொழுது அடைஞ்ச பொறவு வானம் ஒரு நீலமா இருக்குல்லா, அது. ஜன்னலுக்கும் அதே நீலம். ட்யூப்லைட்டைக் கழட்டிருங்க. படிக்கு மட்டும் ரெண்டு சின்ன பல்பு, தாழ.”

வைகுண்டராஜ் அரை மனதோடு சம்மதித்தார். சுவர் முழுக்க நீலம் ஏறிய அன்று, எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, “பம்பாய்ல கூட இப்படி யாரும் யோசிக்கலம்மா” என்றார்.

குழாய்க்குள் வாயு நிரப்ப மதுரைக்குத்தான் போக வேண்டும். அந்த மெஷின் காசிராஜனிடம் இருந்தது. எழுத்துகளையும் டிரம்பெட்டின் மூன்று துண்டுகளையும் மருத்துவப் பஞ்சில் பொதிந்து, பெட்டிகளில் அடுக்கி, புருஷனும் பொண்டாட்டியும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்கள்.

காசிராஜன் பெட்டியைத் திறந்து ஜாவை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு வளைச்சது? நீங்களா?” என்று தவசிமுத்துவைக் கேட்டார்.

“நான் பெட்டி தூக்குனேன். வளைச்சது இவ.”

காசிராஜன் எழுத்துகளை மெஷினில் மாட்டினார். குழாய்களில் காற்றை உறிஞ்சி, உள்ளே ஒட்டியிருக்கும் அழுக்குப் போகக் கரன்ட்டைப் பாய்ச்சிச் சூடேற்றினார். பக்குவமாக ஆறாத கண்ணாடி அந்தச் சூட்டில் விண்டுவிடும். கிருபாபாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றுகூட விரியவில்லை. வாயுவை நிரப்பியதும் எழுத்துகளில் சிவப்பு ஏறியது. உட்பூச்சு உள்ள டிரம்பெட் குழாய்களில் மஞ்சள் ஏறியது.

“இங்க வச்சு ஒரு எழுத்து வளைச்சுக் காட்டுங்க” என்றார் காசிராஜன்.

“எந்த எழுத்து?”

“ழ.”

சாக்பீஸால் ழவைத் திருப்பி வரைந்தாள். ரப்பர் டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு அவருடைய தீயில் உட்கார்ந்தாள். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். செத்த நேரத்தில் ழ மேஜையில் கிடந்தது.

காசிராஜன் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருஷமா நான் முடியாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்மா. இனிமே தமிழ் எழுத்து எது வந்தாலும் உங்க கைக்குத்தான் அனுப்புவேன்.”

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் தவசிமுத்து சிரித்துக்கொண்டே வந்தான். அவள்தான் பெட்டியை இறுகப் பிடித்திருந்தாள்.

தை மாதம் முதல் சனிக்கிழமை, பொழுது இறங்கும் நேரம். தென்காசி ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு கிருபாபாய் கையை உயர்த்தினாள். தவசிமுத்து சுவிட்சைப் போட்டான். ஜாஸ் என்று சிவப்பாக எழுத்து எரிந்தது. டிரம்பெட் மட்டும் ஒரு நுனியில் துடித்துத் துடித்து அணைந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

 அவள் கண் குழாயை விட்டு நகரவில்லை. குழாயில் குறையில்லை. ஊரே விளக்குப் போடுகிற நேரம், கரன்ட்டு குறைந்து வருகிறது.

“அண்ணாச்சி, உள்ள எரியுற லைட்டு, ஃபேன் அம்புட்டையும் அணைங்க!” என்று கத்தினாள்.

மாடி இருண்டது. அடுத்த நொடியில் நீலச் சுவரின் குறுக்கே ஆள் உயர டிரம்பெட், ஊதும் வாயிலிருந்து விரிந்த நுனி வரை மஞ்சளாக எரிந்தது. ஓவென்று சத்தம் எழுந்தது. லாரிக்காரர் ஒருவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். இருண்ட பால்கனிக்கு வைகுண்டராஜ் வந்து நின்று, அந்த வெளிச்சத்திலேயே ஊத ஆரம்பித்தார். பேண்டு செட் பையன்கள் பின்னாலேயே வந்தார்கள். ஜனங்கள் ரோட்டில் நின்றே கேட்டார்கள்.

“ஏ கிருபாபாய்!” என்று ஊதலை நிறுத்திவிட்டு மேலிருந்து கூப்பிட்டார் வைகுண்டராஜ். “மேல வாம்மா! ஒன்னைய எல்லாரும் பாக்கணும்!”

அவள் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இங்கருந்துதான் நல்லா தெரியுது அண்ணாச்சி!” என்றாள். கூட்டம் திரும்பி அவளைப் பார்த்துக் கை தட்டியது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மாடியில் உட்கார இடம் கிடைக்கவில்லை. 1991இல் கிருபாபாய் சொந்தப் பட்டறை போட்டாள். தறிக்குப் போயிருந்த மூன்று பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டாள். அவர்களில் சுடலையம்மாள் ஆறு மாதத்தில் அவளுக்குச் சமமாக வளைத்தாள். வாயு நிரப்பும் மெஷினைக் காசிராஜனே கூட நின்று பொருத்திக் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகள், சினிமா தியேட்டர், மம்சாபுரத்துச் சர்ச் சிலுவை என்று வேலை நிற்கவேயில்லை. எந்த வேலைக்கும் முதலில் எதிர்ப்பக்கம் போய் மூன்று சாயங்காலம் நிற்பாள். சுவரின் நிறத்தை அவள்தான் சொல்வாள். முதலாளிகள் மறுபேச்சுப் பேசுவதில்லை.

1995இல் தென்காசியில் ஒரு நகைக்கடைக்குப் போர்டு மாட்டிவிட்டு, பஸ்ஸில் ஊருக்கு வந்துகொண்டிருந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் கண்டக்டர் விசிலடித்தார்.

“ஜாஸ் ஸ்டாப்பு! ஜாஸ் ஸ்டாப்பெல்லாம் எறங்கு!”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை. எந்தப் பலகையிலும் எழுதவில்லை. காய்கறிக் கூடையோடு ஒரு பெண்ணும், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும், அதுதான் பிறந்ததிலிருந்து அந்த இடத்தின் பெயர் என்பது போல எழுந்து படிக்குப் போனார்கள். கிருபாபாயும் எழுந்தாள்.

“நீங்க பழைய பஸ் ஸ்டாண்டுக்குல்லாம்மா டிக்கெட் எடுத்திய?” என்றார் கண்டக்டர்.

“பரவாயில்லய்யா” என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். “இன்னைக்கு நான் இங்கதான் எறங்கணும்.”